அடுத்த படம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை மாலை. நமது படிப்பகத்தின் வாசல். உள்ளே மேசைமீது ஏடுகள் விரிந்து கிடக்கின்றன, படிக்க ஆளில்லை. ஆட்கள் எல்லாம் வெளியே, பெஞ்சின்மீது! கூச்சல் தெருக்கோடி வரையில் கேட்கிறது.

என்ன தகராறு என்று விரைந்து போனோம். கூலியைப் பற்றி என்றார்கள். மகிழ்ந்தோம்! மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று உயர்த்திக் கேட்கப் போகிறார்கள் போலும், அதற்கான ஆலோசனை நடக்கிறது போலும் என்று எண்ணினோம். பிறகுதான் தெரிந்தது, இது அந்தக் கூலி அல்ல. ரஜினிகாந்த் நடித்து 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் திரைக்கு வந்த 'கூலி'! அதை எடுத்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ஏறினாரா, இறங்கினாரா? அடுத்து எந்தப் படத்தை எடுக்கவேண்டும்? எவரை வைத்து எடுக்கவேண்டும்? இதுதான் வழக்கு. பெஞ்சுதான் நீதிமன்றம். வாதியும் பிரதிவாதியும் நம் தோழர்களே.

நால்வர் இருந்தனர். காய்கறிச் சந்தையிலே முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கும் தோழர் ஒருவர். அவருடைய தங்கை மகன், இருசக்கர வண்டிப் பட்டறையிலே வேலை செய்யும் இளைஞன், இருபத்திரண்டு வயது. படக்கொட்டகையிலே டிக்கெட் கிழிக்கும் நண்பர் ஒருவர். இரவு வேலை முடித்து, உறங்காமல் வந்து உட்கார்ந்திருந்த நூற்பாலைத் தோழர் ஒருவர். 'அண்ணே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க' என்று நம்மைப் பிடித்துக்கொண்டார்கள்.

தீர்ப்பா? அன்று நாம் சொல்லவில்லை. கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம். கேட்டதையும், வீடு திரும்பி எண்ணியதையும் இங்கே எழுதுகிறோம்.

*

'சினிமாப் பேச்சா, அதுவும் படிப்பகத்து வாசலிலே!' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்.

படக்கொட்டகையைப் பாவக்குழி என்று சொன்னவர்கள் பலர் இருந்த நாட்டிலே, அதைப் பள்ளிக்கூடம் ஆக்கிக் காட்டிய இயக்கம் நம்முடையது. 1949-இலே அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. பணக்காரர் வீட்டுப் பணிப்பெண்ணைப் படத்தின் பெயராகவே உயர்த்தி வைத்தது. 1952-இலே கலைஞரின் எழுத்திலே 'பராசக்தி' வந்தது. நீதிமன்றக் காட்சியை நெட்டுருப் போட்டு நெடுந்தெருவிலே நின்று முழங்கினான் தமிழ் இளைஞன். 1958-இலே எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, தாமே இயக்கி 'நாடோடி மன்ன'னைத் தந்தார். அதிலே வாட்போர் இல்லையா? இருந்தது, வயிறார இருந்தது! ஆனால் அந்த வாள் எதற்காகச் சுழல்கிறது என்பது கடைசிப் பெஞ்சிலே உட்கார்ந்திருந்தவனுக்கும் விளங்கியது. மன்னன் வேடத்திலே அமர்ந்த மக்களிலே ஒருவன், மக்களுக்காகச் சட்டம் தீட்டினான்.

அந்நாளிலே கொட்டகையை விட்டு வெளியே வந்தவன், 'வசனம் யார்?' என்று கேட்டான். இந்நாளிலே, 'டைரக்‌ஷன் யார்?' என்று கேட்கிறான். கேள்வி மாறிவிட்டது, கேட்பவன் மாறவில்லை. அவன் உழைப்பாளி. உழைத்த காசிலே ஒரு பகுதியைக் கொடுத்து உள்ளே போகிறவன். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆகவே, பேசட்டும்! உரக்கவே பேசட்டும்!

*

யார் இந்த இயக்குநர்?

கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவுக்காரர். 1986-இலே பிறந்தவர். பேருந்து நடத்துநரின் மகன். படவுலகிலே பாட்டன் இல்லை, மாமன் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. வங்கியிலே வேலை பார்த்தார். எந்தப் பெரிய இயக்குநரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றதில்லை. குறும்படம் எடுத்தார், போட்டியிலே வென்றார், 2017 மார்ச்சிலே 'மாநகரம்' என்ற முதல் படத்தோடு வந்து நின்றார்.

அன்று தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை. 2019-இலே 'கைதி'. 2021-இலே 'மாஸ்டர்'. 2022-இலே 'விக்ரம்'. 2023-இலே 'லியோ'. 2025-இலே 'கூலி'. எட்டு ஆண்டுகளிலே ஆறு படங்கள். கார்த்தி, விஜய், கமல்ஹாசன், ரஜினிகாந்த் என்று படியேறினார். முதல் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் இடையே இந்த நாட்டிலே எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி ஓர் ஏற்றம்! நடத்துநர் வீட்டுப் பிள்ளை நட்சத்திரங்களை ஆட்டிவைக்கிறான் என்பதிலே நமக்கு மகிழ்ச்சிதான், பெருமிதந்தான். குலத்தைச் சொல்லிக் கோட்டை வாயிலை மூடி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதை உடைக்கப் பாடுபட்ட இயக்கத்தார் இந்த ஏற்றத்தைக் கண்டு கைதட்டாமல் வேறு யார் தட்டுவது?

கைதட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறோம்.

*

பெஞ்சிலே இரண்டு கட்சிகள். ஒன்று டில்லிக் கட்சி. மற்றொன்று ரோலக்ஸ் கட்சி.

டில்லி என்றதும் பதறவேண்டாம்! நாம் அன்றாடம் மல்லுக்கு நிற்கும் அந்த டில்லி அல்ல இது. 'கைதி' படத்திலே கார்த்தி ஏற்ற வேடத்தின் பெயர் டில்லி. தமிழ்நாட்டுத் தொழிலாளி மனமார நேசிக்கும் ஒரே டில்லி இதுதான் போலும்!

டில்லிக் கட்சியின் தலைவர் நமது மூட்டைத் தோழர். அவருடைய வாதம் இது. "'கைதி'யிலே என்ன இருந்தது? பாட்டு இல்லை. காதலி இல்லை. ஒரே ஓர் இரவு, ஒரு லாரி. பத்து ஆண்டு சிறையிலே கிடந்தவன், பெற்ற மகளை முதன்முதலாகப் பார்க்கப் போகிறான். நடுவழியிலே பிடித்து நிறுத்தி, மயங்கிக் கிடக்கும் போலீசுக்காரர்களை லாரியிலே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டு என்கிறார்கள். அவன் கை ஓங்கும்போதெல்லாம் நமக்குத் தெரியும், அவன் மகளிடம் போய்ச் சேரவேண்டும். அடி ஒவ்வொன்றும் நம் நெஞ்சிலே விழுந்தது. அதுதான் சண்டைப் படம்!"

நாம் தலையை அசைத்தோம். ஏனெனில் உண்மை. அதுமட்டுமா? அந்தப் படத்திலே நெப்போலியன் என்று ஒரு சாதாரணக் காவலர் வருவார். ஜார்ஜ் மரியான் நடித்தார். அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்தவர். அதிகாரிகள் எல்லாம் மயங்கிக் கிடக்க, துணைக்குச் சில கல்லூரி மாணவர்களை வைத்துக்கொண்டு, ஓர் அலுவலகத்தை விடியும் வரையில் காத்து நிற்பார். மார்பிலே பதக்கம் இல்லை. தோளிலே நட்சத்திரம் இல்லை. இருந்தது கடமை ஒன்றுதான். 2019 தீபாவளிக்கு விஜய் நடித்த 'பிகில்' வந்த அதே நாளிலே வந்து, அந்தப் பெரும் வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் நின்றது 'கைதி'. நிற்க வைத்தது நட்சத்திரம் அல்ல, நெப்போலியனும் டில்லியும்!

ரோலக்ஸ் கட்சி சும்மா இருக்குமா? பட்டறைத் தம்பி துள்ளி எழுந்தான். "மாமா, நீங்க இன்னும் லாரியிலேயே உட்கார்ந்திருக்கீங்க. 'விக்ரம்' படத்துக் கடைசியிலே சூர்யா வந்தாரே, ரோலக்ஸ்! சில நிமிஷந்தான். கொட்டகை கிழிஞ்சுதா இல்லையா? ஒரு படத்து ஆளு இன்னொரு படத்திலே வர்றான். எல்லாப் படமும் ஒரே உலகம். இதைத் தமிழிலே இவருக்கு முன்னாடி இவ்வளவு பெரிசா யாரு செஞ்சா? 'கைதி' இரண்டாம் பாகம் வரட்டும், ரோலக்ஸும் டில்லியும் மோதட்டும், அப்ப பாருங்க!"

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனித்தனிப் படங்களை ஒரே கயிற்றிலே கோத்து, பார்ப்பவனையும் கதைக்குள்ளே துப்பறிய வைத்தது புதுமைதான். அந்தப் புதுமைக்குக் கமல்ஹாசன் வாரிக் கொடுத்தார். இயக்குநருக்குக் கார், உதவி இயக்குநர்கள் 13 பேருக்கு மோட்டார் சைக்கிள். உதவியாளரையும் நினைத்த அந்தச் செயலை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால் தம்பி ஒன்றை மறந்துவிட்டான். நாம் நினைவூட்டினோம். அதே 'விக்ரம்' படத்திலே ரோலக்ஸ் வருவதற்கு முன்பே கொட்டகையை அதிர வைத்தது யார்? வீட்டிலே பாத்திரம் தேய்த்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, வாய் பேசாமல் நடமாடிய வேலைக்காரி! வீட்டுக்குள் கொலைகாரர்கள் நுழைந்ததும் கையிலே கிடைத்ததை எடுத்துக்கொண்டு புலியாகப் பாய்ந்தாளே, ஏஜென்ட் டீனா! அந்த வேடத்தில் நடித்த வசந்தி, ஆண்டுக்கணக்கிலே நாயகர்களுக்குப் பின்னால் குழு நடனம் ஆடியவர். கூட்டத்திலே ஒருவராக நின்றவரை முன்னால் இழுத்து நிறுத்தினார் இயக்குநர். அன்று பறந்த விசில், பல ஆண்டுப் பின்வரிசைக்குக் கிடைத்த முதல் மரியாதை.

1949-இலே ஒரு வேலைக்காரி. 2022-இலே ஒரு வேலைக்காரி. முன்னவள் அறிவாலும் அன்பாலும் வென்றாள். பின்னவள் கரத்தால் போரிட்டாள். இருவருக்கும் தமிழன் எழுந்து நின்று கை தட்டினான்.

இப்போது நாம் சொல்லவந்தது விளங்கும். இந்த இயக்குநரின் கை எங்கே வலுவாக இருக்கிறது? எளியவன் நிமிரும் இடத்திலே! டில்லி, நெப்போலியன், டீனா என்று யாரும் கவனிக்காத ஆளைக் கதையின் நடுவிலே நிறுத்தி, 'இவனைப் பார்!' என்று காட்டும் இடத்திலே. அந்த இடத்திலே அவருக்கு இணை சொல்ல இன்று அதிகம் பேர் இல்லை.

*

சரி, பிறகு என்ன ஆயிற்று?

கொட்டகை நண்பர் அதுவரையில் வாய் திறக்கவில்லை. திறந்தபோது எல்லாரும் அடங்கினோம். "பெரிய நடிகர் படம் வேணாம்னு சுலபமாச் சொல்லிடுறீங்க. கொரோனா வந்தப்ப, 2020 மார்ச்சிலே பூட்டுன கொட்டகை நவம்பர்லதான் திறந்துச்சு. திறந்தும் யாரு வந்தா? காலி நாற்காலிக்குப் படம் ஓட்டினோம். 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' வந்துச்சு. பாதி நாற்காலிதான் நிரப்பலாம்னு உத்தரவு. அந்தப் பாதி நிரம்பினதாலதான் என் வீட்டிலே பொங்கல் பொங்குச்சு. வண்டி நிறுத்துமிடத்துப் பையன், போஸ்டர் ஒட்டுறவர், முறுக்கு விக்கிற அம்மா எல்லாருக்கும் அன்னிக்குத்தான் விடிஞ்சுது."

இதை மறுக்க நம்மால் இயலாது. மறுக்கவும் மாட்டோம். பெரிய படம் என்பது பெரிய நடிகரின் பை நிறைவது மட்டும் அல்ல. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ சிறிய அடுப்புகள் எரிகின்றன. பெரிய நடிகர் படமே கூடாது என்பார் வாதம், ஏழையின் அடுப்பை அறியாதார் வாதம்.

ஆனால், 'மாஸ்டர்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. கேட்பாரற்ற பிள்ளைகள். அவர்களுக்குப் போதையைக் கொடுத்து, தன் குற்றங்களை அவர்கள் தலையிலே கட்டும் கொடியவன். எவ்வளவு பெரிய செய்தி! முதற் பாதியிலே அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிந்தது. பிற்பாதியிலே நாயகனும் வில்லனும் மோதிக்கொண்ட புழுதியிலே அந்த முகங்கள் மறைந்தன. 'லியோ'விலே இமாசலத்துக் குளிரிலே, காப்பிக் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தலைவன் ஒருவன். தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் காக்கக் கொலை செய்யவேண்டி வந்ததும், உடைந்து அழுகிறான். அந்த அழுகையிலே நாம் நம்மைக் கண்டோம். பிறகு வந்த பழங்கதையிலோ நம்மைத் தேடினோம், காணோம்! துப்பாக்கிகள் இருந்தன, கார்கள் இருந்தன, புகை இருந்தது.

படத்துக்குப் படம் நாயகனின் உருவம் வளர்ந்தது. அருகிலே நின்ற எளியவனின் இடம் சுருங்கியது. இதுதான் நம் குற்றச்சாட்டு.

*

இனி 'கூலி'.

பெயரைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது நமக்கு. கூலி! எவ்வளவு பழைய சொல், எவ்வளவு பெருமைக்குரிய சொல்! உழைப்புக்கு உரிய பயன் அது. வள்ளுவரே மதிப்போடு கையாண்ட சொல். அதை மனிதனுக்குப் பெயராக்கி, ஏளனச் சொல்லாக்கி, கப்பல் கப்பலாகத் தமிழனை ஏற்றிச் சென்றான் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், உழைப்பவன்மீது வீசப்பட்ட வசை ஆனது. அந்த வசையையே எடுத்துப் பெரிய எழுத்திலே சுவரெல்லாம் ஒட்டினார்கள், இந்நாட்டின் பெரிய நடிகரின் தலைக்கு மேலே! அந்த அளவிலே அது மானத்தின் மீட்சி.

படத்திலே நாயகன் தேவா. முன்னாளிலே துறைமுகத்திலே மூட்டை சுமந்தவன். அவனுடைய வில்லையிலே பொறித்த எண் 1421. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா தோழர்களே? இயக்குநரின் தந்தை பேருந்து நடத்துநராக இருந்தபோது அணிந்த வில்லையின் எண்! இயக்குநரே சொல்லியிருக்கிறார். அந்த வேடத்தை ஏற்றவரும் ஒரு காலத்திலே பெங்களூர்ப் பேருந்திலே டிக்கெட் கிழித்த நடத்துநரே. ஒரு நடத்துநரின் மகன், தன் தந்தையின் எண்ணை, இன்னொரு நடத்துநரின் கையிலே கட்டினான். படத்திலே வந்த அத்தனை சண்டைகளையும்விட இந்த ஒரு செய்தி நம்மை உருக்கியது.

மூட்டைத் தோழரும் அதைக் கேட்டு உருகினார். உருகிவிட்டுத்தான் கேட்டார். "நம்பர் நம்மளுது தோழர். ஆனா நாம எங்கே? விசாகப்பட்டினம் துறைமுகம் காட்டினாங்க. கடத்தல்காரன் தெரிஞ்சான், அவன் கைக்கடிகாரம் தெரிஞ்சுது, தெலுங்கிலேருந்தும் கன்னடத்திலேருந்தும் இந்தியிலேருந்தும் பெரிய பெரிய நடிகருங்க வந்து நின்னாங்க. மூட்டை தூக்குறவன் முதுகு ஒரு தடவை தெரிஞ்சுதா? அவன் வீட்டுச் சோத்துப் பானை தெரிஞ்சுதா? 'கூலி'ன்னு பேரு வெச்சுக் கூப்பிட்டாங்க. நானும் போனேன். உள்ளே என்னைக் காணோம்!"

பெஞ்சு அமைதியானது. ரோலக்ஸ் கட்சியிடம் அதற்குப் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

தொழிலாளர் கூட்டத்தைக் காட்டவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பழைய நாட்களைச் சொல்லும் பகுதியிலே காட்டினார்கள். ஆனால் கூட்டமாகக் காட்டினார்கள், மனிதர்களாகக் காட்டவில்லை. 'கைதி'யிலே ஒரு காவலருக்குக் கிடைத்த பெயரும் முகமும், 'கூலி'யிலே ஒரு கூலிக்குக் கிடைக்கவில்லை. குறை அதுதான். அது சிறிய குறை அல்ல.

*

இங்கேதான் பேச்சு திரும்பியது. நாம் எதிர்பாராத திசையிலே.

பட்டறைத் தம்பி மெல்லச் சொன்னான்: "அண்ணே, நான் சண்டைக் குழுவிலே சேரலாம்னு இருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் அழைச்சுட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார். வண்டி ஓட்டுவேன், குதிப்பேன், பயமில்லை."

மூட்டைத் தோழர் முகம் மாறியது. ஒரு சொல்லும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே! சண்டைப் பட இயக்குநரைப் பற்றி வாதிடுகிறோம். எந்தப் படத்திலே சண்டை சிறந்தது என்று மார்தட்டுகிறோம். அந்தச் சண்டையைப் போட்டவன் யார்? நாயகனுக்காக மாடியிலிருந்து விழுந்தவன் யார்? கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவன் யார்? காரோடு கவிழ்ந்தவன் யார்? அவன் பெயர் நமக்குத் தெரியுமா?

பயிற்சியாளர்களிலே சிலரைத் தெரியும். 'மாநகரம்', 'கைதி', 'விக்ரம்', 'லியோ', 'கூலி' படங்களின் சண்டையை அமைத்த அன்பறிவ் என்ற இரட்டைச் சகோதரர்களைத் தெரியும். 2022-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருது, 'கே.ஜி.எஃப். 2' சண்டைக்காக அவர்களுக்குக் கிடைத்தது. மகிழ்ச்சி. சண்டை அமைப்புக்கு இந்நாட்டிலே தேசிய விருது என்று ஒன்று வந்ததே 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அமெரிக்காவின் ஆஸ்கார்க்காரர்கள் இன்னும் மெதுவாக விழித்தார்கள்; 2025-இலேதான் அறிவித்தார்கள், 2028 விழாவிலிருந்து சண்டை வடிவமைப்புக்கு விருது உண்டு என்று. நூறாவது விழா வரையில் காத்திருக்கவேண்டியிருக்கிறது, உயிரைப் பணயம் வைத்தவனுக்கு!

விருது பயிற்சியாளருக்கு. விழுகிறவனுக்கு?

கணக்கைப் பாருங்கள். 2020 பிப்ரவரி: சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்திலே பாரந்தூக்கி சாய்ந்து மூவர் மாண்டனர். 2022 டிசம்பர்: சென்னைக்கு அருகே கயிறு அறுந்து சண்டைக் கலைஞர் ஒருவர் மாண்டார். 2024 ஜூலை: சாலிகிராமத்திலே உயரத்திலிருந்து விழுந்து சண்டைக் கலைஞர் ஒருவர் மாண்டார். 2025 ஜூலை: நாகப்பட்டினம் மாவட்டத்திலே காரைப் பாய்ச்சிக் கவிழ்க்கும் காட்சியிலே சண்டைக் கலைஞர் ஒருவர் மாண்டார். இவை எதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கும் இயக்குநரின் படங்கள் அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்ப் படவுலகின் பொதுக் கணக்கு இது. எந்த ஓர் ஆளின்மீதும் சுமத்திவிட்டு, மற்றவர்கள் கை கழுவிக்கொள்ளக்கூடிய கணக்கு அல்ல.

மில்லிலே எந்திரத்தில் கை மாட்டினால் நாம் என்ன செய்கிறோம்? வேலையை நிறுத்துகிறோம். வேலி எங்கே, தடுப்பு எங்கே, நட்டஈடு எங்கே என்று கேட்கிறோம். நூற்பாலைத் தோழர் இதைத்தான் சொன்னார்: "எந்திரத்துக்கு மூடி போடச் சொல்லி எங்க சங்கம் போராடினுச்சு. போட்ட பிறகு விரல் போகலை. சண்டைக்காரனும் தொழிலாளிதானே? படப்பிடிப்பு நடக்கிற இடமும் தொழிற்சாலைதானே?"

ஆம்! அதே சட்டம், அதே நியாயம். கயிற்றின் வலுவைச் சோதிக்க ஒருவர். காட்சி எடுக்கும் இடத்திலே மருத்துவரும் ஊர்தியும். ஒவ்வொரு தலைக்கும் காப்பீடு. விழுந்தவனின் பெயர் திரையிலே. இவை சலுகைகள் அல்ல. கூலியின் ஒரு பகுதி.

*

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம்மைச் சேர்ந்த கணக்கு.

2023 ஜனவரியிலே சென்னையில் ஒரு பெரிய நடிகரின் படம் வெளியான விடியற்காலையிலே, ஓடும் லாரிமீது ஏறி ஆடிய இளைஞன் ஒருவன் விழுந்து மாண்டான். வயது இருபதைத் தொடவில்லை. 2024 டிசம்பரிலே ஐதராபாத்திலே படக்கொட்டகை நெரிசலிலே ஒரு தாய் மாண்டாள்; அவளுடைய சிறுவன் உயிருக்குப் போராடினான். 'கூலி' வெளியான நாளிலே அண்டை மாநிலங்களிலே காலை 6 மணிக்கே காட்சி. தமிழ்நாட்டிலே 9 மணிக்குத்தான். 'நம்ம ஊரிலே மட்டும் ஏன் தாமதம்?' என்று சலித்துக்கொண்டான் பட்டறைத் தம்பி. தம்பி, மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் படம் பழசாகிவிடாது. பிள்ளை வீடு திரும்பாவிட்டால் தாயின் வாழ்வு முடிந்துவிடும்.

ரசிகனாக இரு. கை தட்டு. விசில் அடி. விவாதி. ஆனால் சவாரி செய்ய லாரியும், சரிந்து விழ உன் உடலும் வேண்டாம். திரையிலே டில்லி ஓட்டிய லாரி, உயிர்களைக் காக்க ஓடியது. அதைக் கண்டு கைதட்டியவன், தன் உயிரை லாரியிலிருந்து தவறவிடலாமா?

*

சரி, தீர்ப்பு?

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் முன்பொருமுறை சொல்லியிருக்கிறார், பத்துப் படம் எடுத்துவிட்டு விலகிவிடுவேன் என்று. சொன்ன சொல்லைக் காத்தால், ஆறு போக, இன்னும் நான்கு. 'கைதி' இரண்டாம் பாகம் வரட்டும் என்கிறது டில்லிக் கட்சி. ரோலக்ஸுக்கே தனிப் படம் வேண்டும் என்கிறது மற்றக் கட்சி. தெலுங்கு நாட்டுப் பெரிய நடிகரோடு சேர்ந்தால் இந்தியாவே அதிரும் என்கிறார்கள் சிலர். 'வசூல் ஆயிரம் கோடியைத் தொடவேண்டும்' என்கிறான் தம்பி. ஆயிரம் கோடியிலே ஆறு ரூபாய்கூடத் தன் பைக்கு வராது என்று தெரிந்தும் சொல்கிறான், பாவம்!

நமது தீர்ப்பு, எந்த நடிகர் என்பதைப் பற்றியது அல்ல. பெரியவரை வைத்து எடுக்கட்டும், புதியவரை வைத்து எடுக்கட்டும். சண்டை வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். சண்டை இல்லாமல் எந்த உரிமை வந்தது நமக்கு? மேடைப் பேச்சைப் படமாக்கு என்றும் கேட்கமாட்டோம். பேச நாம் இருக்கிறோம்! போதையை எதிர்த்துப் படத்துக்குப் படம் போராடுகிறாரே, அதுவும் நல்லதே. தொடரட்டும்.

நாம் கேட்பது ஒன்றே. சண்டைக்கு ஒரு காரணம் கொடுங்கள். அந்தக் காரணம் எங்கள் வீட்டிலே இருப்பதாக இருக்கட்டும். மகளைப் பார்க்கத் துடித்த டில்லியைப் போல. விடியும் வரையில் கதவைக் காத்த நெப்போலியனைப் போல. பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்த டீனாவைப் போல. துப்பாக்கியின் நீளத்தைக் கூட்டுவதாலே படம் வளராது. துப்பாக்கிக்கு எதிரே நிற்பவன் யார் என்பது தெரிந்தால்தான் வளரும். எண் 1421-ஐ உலகம் எங்கும் காட்டிய மகனே! அந்த எண்ணை அணிந்து, நெரிசலிலே நின்றபடி, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை விசில் ஊதி, கால் வீங்கி வீடு திரும்பிய மனிதரை உமக்குத் தெரியும். எங்களுக்கும் காட்டுங்கள்! அவர் யாரையும் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவருக்காக அடிக்கும் ஒருவனைக் காட்டுங்கள். கொட்டகை நிரம்பும். கொட்டகை நண்பரின் வீட்டிலே பொங்கலும் பொங்கும்.

இருட்டிவிட்டது. படிப்பகத்து விளக்கைப் போட்டார்கள். பெஞ்சு கலைந்தது. மூட்டைத் தோழர் எழுந்து, தங்கை மகனின் தோளிலே கை வைத்தார். வெகுநேரத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

"சேரு. வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா முதல்லே சங்கத்திலே சேரு. அப்புறம் குதி. குதிக்கிறதுக்கு முன்னாடி கயிறை நீயே ஒரு தடவை இழுத்துப் பாரு."

தம்பி தலையாட்டினான். இருவரும் தெருவிலே இறங்கி நடந்தார்கள். போகும்போதும் வாதம் ஓயவில்லை. ரோலக்ஸா, டில்லியா என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த படம் யாருக்கு என்று கேட்டார்கள் நம்மை. அதோ, சாலையிலே நடந்து போகிறார்களே மாமனும் மருமகனும், அவர்களுக்கு! காசு கொடுத்துப் பார்க்கும் மாமனுக்கு. உயிரைக் கொடுத்து நடிக்கப் போகும் மருமகனுக்கு. அந்த இருவரையும் மனத்திலே நிறுத்தி எடுக்கப்படும் படம் எதுவாக இருந்தாலும், முதல் காட்சிக்கு நாமும் வரிசையிலே நிற்போம், காலை 9 மணிக்கு!